வீதிக் கோடும் வீட்டு வாசலும்

இலங்கையில் காணி வாங்குவோரும் வீடு கட்டுவோரும் "வீதிக் கோடு" என்னும் சொல்லை நன்கு அறிவர். உள்ளூராட்சிச் சபையில் பெறும் சான்றிதழில் அக்கோடு குறிக்கப்பட்டிருக்கும். நிலத்தில் அது கண்ணுக்குப் புலப்படாது. மதிலின் மேலோ, மாமரத்தின் வேரிலோ, முன்விறாந்தையின் நடுவிலோ அது செல்லக்கூடும். என்றேனும் வீதி அகலிக்கப்படுமாயின் அந்தக் கோடு வரை வீதி வந்துவிடும். ஆதலால் கோட்டுக்கு வீதிப்புறமாகப் புதுக் கட்டடம் எழுப்புதல் ஆகாது என்பதே அதன் பொருள்.

ஒருவர் மேசையிலே வரைபடத்தை விரித்து, அளவுகோலை வைத்து இழுக்கும் கோடு, மற்றொருவருடைய அடுப்பங்கரை வழியாகச் செல்கின்றது. நகர நிர்மாணம் என்னும் கலையின் சிக்கல் முழுவதும் இதனுள் அடங்கும். வீதி ஊருக்கெல்லாம் வேண்டியது. வீடு ஒரு குடும்பத்துக்கு உயிர்போன்றது. இரண்டுக்கும் இடையே கோடு போடும் அதிகாரம் பெற்றவர், அதனைப் போடுவதற்கு முன்னர் என்ன செய்யவேண்டும்? இக்கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் தெளிவான விடை கூறிய அறிஞர் ஒருவர், அவ்விடையைத் தமிழ்நாட்டுத் தெருக்களிலே நடந்து சோதித்தார்; பின்னர் கொழும்புக்கும் வந்தார். அவர் பெயர் பற்றிக் கெடிஸ்.

அவர் வந்து கண்ட கொழும்பு, எவரும் ஒரே திட்டத்தில் அமைத்த நகரமன்று. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1656 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றி, தம் தேவைக்கேற்பத் திருத்தி அமைத்தனர். கோட்டைக்கு வெளியே இருந்த புறக்கோட்டையில் இன்றும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் குறுக்குத் தெருக்கள், அக்காலத்து ஒழுங்கை நினைவூட்டுவன. 1796 இல் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், காலிமுகத்திடலின் கடலோரத்தில் உலாவும் பாதையொன்றை அமைத்து, 1859 ஆம் ஆண்டில் அதனை முடித்து, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கல்லில் எழுதிக் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் பெரும்பாலும் காக்கப்பட்டது. ஆனால் 1870களில் தெற்கு நோக்கிச் சென்ற புகையிரதப் பாதை கடற்கரையை ஒட்டியே இடப்பட்டது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரையில் நகர மக்களுக்கும் கடலுக்கும் இடையே இரும்புப் பாதை அமைந்தது. ஒரு தீர்மானம் கடலோரத்தை மக்களுக்கு வழங்கியது. அடுத்த தீர்மானம் அதனை மக்களிடமிருந்து பிரித்தது. ஒருமுறை இடப்பட்ட பாதை, அதனை இட்டவர்கள் மறைந்து பல தலைமுறைகள் கழிந்த பின்னும் நகரத்தின் வாழ்வை ஆண்டுகொண்டே இருக்கும் என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகள்.

1875 இல் துறைமுகத்தின் அலைதடுப்பு அணையைக் கட்டும் வேலை தொடங்கிற்று. அது முடிந்ததும் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்பை நாடின. மூட்டை சுமக்கவும், நிலக்கரி ஏற்றவும், வண்டி ஓட்டவும் மக்கள் திரண்டனர். துறைமுகத்துக்கு அண்மையில், கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும், ஒரே வளவுக்குள் வரிசை வரிசையாக அறைகள் எழுந்தன. "தோட்டம்" என்று அவற்றுக்குப் பெயர். மரமோ செடியோ அங்கே அரிது. தமிழிலே குறுகிய சந்தைக் குறிக்கும் "முடுக்கு" என்னும் சொல், சிங்களப் பேச்சிலே நெருக்கமான சேரிக் குடியிருப்பைக் குறிப்பதாயிற்று. அந்தச் சொல்லின் வரலாற்றிலேயே நகரத்தின் வரலாறும் அடங்கியுள்ளது.

1914 ஆம் ஆண்டில் கொழும்பிலே பிளேக் நோய் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டில், 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. அனுமதியின்றி வீடு கட்டலாகாது, காற்றும் வெளிச்சமும் வரும்படி வெற்றிடம் விடவேண்டும், வீதிகளுக்குக் கோடு குறிக்கவேண்டும் என்னும் விதிகள் அதன்வழி வந்தன. அவை வேண்டிய விதிகளே. ஆனால் விதிகள் புதிதாகக் கட்டப்படும் வீட்டைத் திருத்துமேயன்றி, ஏற்கெனவே நெருங்கிக் கிடக்கும் தெருவுக்கு வழி கூறமாட்டா. அத்தகைய தெருவை அக்காலத்துப் பொறியியலாளர் பலர் ஒரே முறையில் அணுகினர்: நடுவே அகன்ற நேர்வீதி ஒன்றை வெட்டுவது, குறுக்கே நிற்பதையெல்லாம் இடிப்பது.

இதனை மறுத்தவரே கெடிஸ். 1854 இல் ஸ்கொத்லாந்தில் பிறந்த அவர், தொடக்கத்தில் நகர நிர்மாணம் கற்றவர் அல்லர், உயிரியல் அறிஞர். இளமையில் மெக்சிக்கோ சென்றபோது கண்பார்வை பாதிக்கப்பட்டு, நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் நோக்கும் ஆராய்ச்சியைக் கைவிட நேர்ந்தது. செடியையும் அது வாழும் நிலத்தையும் பிரித்து அறிய முடியாது என்று கற்ற அவர், மனிதனையும் அவன் வாழும் தெருவையும் அவ்வாறே நோக்கத் தலைப்பட்டார். 1886 இல் திருமணம் செய்தபின், எடின்பரோவின் பழைய நகரப் பகுதியிலே, வசதி படைத்தோர் கைவிட்டுச் சென்ற நெருக்கமான மாடிக் குடியிருப்பொன்றில் மனைவி அன்னாவுடன் குடியேறினார். அண்டை வீட்டாரோடு சேர்ந்து முற்றங்களைக் கூட்டினார். சுவர்களுக்கு வெள்ளை பூசினார். வெறும் நிலங்களில் தோட்டம் போட்டார். அவருடைய நகர நிர்மாணக் கல்வி அங்கேதான் தொடங்கிற்று.

1914 ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபு அவரை அழைத்தார். பல நாடுகளின் நகரங்களைப் பற்றி அவர் அரும்பாடுபட்டுத் திரட்டிய வரைபடங்களும் படங்களும் "கிளான் கிராண்ட்" என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பர் 22 ஆம் நாள் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளின் மேல் குண்டு வீசி, தமிழ்ப் பேச்சிலே தன் பெயரை நிலைக்கச் செய்த எம்டன் கப்பல், ஒக்டோபர் மாதத்தில் கிளான் கிராண்டை இந்து சமுத்திரத்தில் மூழ்கடித்தது. வாழ்நாள் உழைப்பு கடலுக்குள் போயிற்று. கெடிஸ் மனம் தளரவில்லை. பிரித்தானியாவில் இருந்த நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு, 1915 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்காட்சி நடத்தினார். அதன்பின் மாகாணத்தின் ஊர்களைக் காணப் புறப்பட்டார்.

அவர் ஓர் ஊருக்குப் போனால் முதலில் காரியாலயத்துக்குப் போவதில்லை, தெருவுக்குப் போவார். பெரிய அளவில் வரைந்த வரைபடம் ஒன்றைக் கையில் ஏந்தி, சந்து சந்தாக நடப்பார். எந்த வீடு உறுதியாக நிற்கிறது, எது தானாகவே இடிந்து கிடக்கிறது, கிணறு எங்கே, கோயில் எங்கே, நிழல்மரம் எங்கே, பெண்கள் தண்ணீருக்குச் செல்லும் வழி எது என்பவற்றையெல்லாம் வரைபடத்தில் குறிப்பார். நோய் இன்னது என்றும், அதன் காரணம் இன்னது என்றும் தேர்ந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் மருத்துவத்துக்கு வகுத்த முறை. கெடிஸ் நகரத்துக்கு வகுத்த முறையும் அதுவே: முதலில் ஆய்வு, பின்னர் திட்டம்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் இந்த முறை செயலிற் காட்டப்பட்டது. நெருக்கத்தைக் குறைப்பதற்காக அங்கே புதிய நேர்வீதிகளை வெட்டி, பல வீடுகளை அகற்ற நகரசபை திட்டமிட்டிருந்தது. கெடிஸ் அப்பகுதியை வீடு வீடாகப் பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை அகற்றினாலே சிறு சிறு வெளிகள் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள வெற்று நிலங்களை அவற்றோடு இணைத்து மரம் நடலாம். சந்தின் இடுங்கிய முனையை மட்டும் சற்று அகலிக்கலாம். நல்ல வீடுகளுள் பெரும்பாலானவற்றைத் தொடவேண்டியதில்லை என்று கண்டார். செலவோ முன்னைய திட்டத்தின் சிறு பங்கே. இம்முறையைக் காத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சை என்று அவர் கூறினார். நல்ல வைத்தியர் அழுகிய இடத்தையே அறுப்பார். அழுகிய இடத்தை அடைவதற்காக நல்ல உறுப்பை வெட்டி எறியமாட்டார்.

இடித்து நேராக்கும் முறையில் அவர் கண்ட குறை செலவு மட்டுமன்று. இடிக்கப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் மறைந்துபோவதில்லை. அவர்கள் அடுத்த தெருவில் உள்ளவர்களோடு நெருங்கிக் குடியேறுவர். அங்கே வாடகை ஏறும், நெருக்கம் கூடும், நோய் இடம் மாறும். புது வீதி அழகாக இருக்கும். அதன் பின்புறத்திலே புதுச் சேரி தோன்றும். மேலும் வெப்ப நாட்டிலே குறுகிய சந்து ஒரு குற்றமன்று. கூட்டிச் சுத்தமாக வைத்தால் அது நிழல் தரும்; குழந்தைகள் விளையாடுவதற்கு இடமாகும். வண்டிகள் செல்லவேண்டிய பெருவழி வேறு. மக்கள் நடக்கவேண்டிய உள்வழி வேறு. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது தவறு என்பது அவர் கருத்து. குளங்களைப் பற்றியும் அவர் இவ்வாறே வாதிட்டார். கொசுவுக்கு அஞ்சி ஊர்க்குளங்களைத் தூர்ப்பதை எதிர்த்தார். மீனையும் வாத்தையும் வளர்த்தால் அவை கொசுப்புழுவை உண்ணும், குளமும் நிலைக்கும் என்றார்.

தென்னாட்டு மக்கள் நகரம் அமைக்க அறியாதவர் என்று அவர் எண்ணவில்லை. பழந்தமிழ் நூல்களிலிருந்தும் கோயில் நகரங்களிலிருந்தும் சான்று திரட்டி, பண்டைத் தக்கணத்தின் நகரமைப்பைப் பற்றி சி. பி. வெங்கடராம ஐயர் 1916 இல் எழுதிய ஆங்கில நூலுக்கு முன்னுரை வழங்கியவர் கெடிஸ். மதுரையைப் பார்த்தால் அந்த நூலின் பொருள் விளங்கும். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதனைச் சூழ்ந்து சித்திரை வீதி, அதனைச் சூழ்ந்து ஆவணிமூல வீதி, பின்னர் மாசி வீதி என்று வீதிகள் மாதங்களின் பெயரைத் தாங்கி விரிகின்றன. தேர் திரும்புவதற்கு மூலை அகலமாய் இருக்கவேண்டும். சனம் நிற்பதற்கு ஓரம் வேண்டும். வீதியின் அளவை அங்கே விழா நிர்ணயித்தது.

இதனைக் கெடிஸ் எவ்வளவு ஆழமாக உணர்ந்திருந்தார் என்பதற்கு மத்திய இந்தியாவின் இந்தூர் நகரத்தில் நிகழ்ந்த நிகழ்ச்சி சான்றாகும். ஹோல்கார் மன்னரின் அழைப்பில் அந்நகரத்துக்கென அவர் ஆய்வு நடத்தி, 1918 இல் இரு தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். நகரத்திலே பிளேக் பயம் இருந்தது. வரைபடத்தோடு திரியும் வெள்ளையரைக் கண்டு, வீட்டை இடிக்க வந்தவர் என்று மக்கள் அஞ்சினர். கெடிஸ் மன்னரிடம் அனுமதி பெற்று, தீபாவளி ஊர்வலத்தைத் தாமே நடத்தினார். வழக்கமான வழியில் ஊர்வலம் செல்லாது. எந்தத் தெருவில் வீடுகள் அதிகமாகத் திருத்திச் சுத்தம் செய்யப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாகவே செல்லும் என்று பறைசாற்றப்பட்டது.

சுவாமி எழுந்தருளும் நாளில் வாசல் கூட்டி, நிறைகுடம் வைத்துக் காத்திருக்கும் மக்களுக்கு அதன் விளைவைக் கூறவேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு போட்டி மூண்டது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறிற்று, சுவர்கள் வெள்ளை பெற்றன, எலிகள் பிடிபட்டன. ஊர்வலத்தில் அழுக்கை ஓர் அரக்கனாகவும், பிளேக்கை ஒரு பேரெலியாகவும் உருவம் செய்து கொண்டுபோய்க் கொளுத்தினர். நகரசுத்தித் தொழிலாளர் புத்தாடை அணிந்து, மாலை சூட்டிய துடைப்பங்களோடு மரியாதையாக நடந்தனர். அதற்கு முன் ஊர்வலத்தில் அவர்களுக்கு அத்தகைய இடம் கிடைத்ததில்லை. ஒரு வீடும் இடிக்கப்படாமல், ஒரு சட்டமும் ஏவப்படாமல், ஊர்வலம் செல்லும் வழியை மாற்றிய ஒரே தீர்மானத்தால் நகரம் தன்னைத்தானே துப்புரவு செய்துகொண்டது.

இந்தப் பணிகளுக்கிடையே 1917 ஆம் ஆண்டு அவருக்குப் பேரிடியாக அமைந்தது. மூத்த மகன் உலகப் போரிலே உயிரிழந்தான். சில வாரங்களுள் அன்னாவும் இந்தியாவிலேயே காய்ச்சலால் இறந்தார். அவ்விழப்புகளைத் தாங்கிக்கொண்டு அவர் தொடர்ந்து ஊர் ஊராகச் சென்றார். இந்திய நகரங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகள் ஏறக்குறைய 50 ஆகும்.

1921 ஆம் ஆண்டில் கொழும்பைப் பற்றிய அவருடைய முதற்கட்ட அறிக்கை வெளிவந்தது. நீரும் மரமும் இயற்கையாகவே பெற்ற இந்நகரத்தை, அவற்றை அழிக்காமல் வளர்க்கவேண்டும் என்பது அவர் நோக்கு. கீழைத் தேசத்தின் பூங்கா நகரம் என்னும் புகழ்மொழி அக்காலத்திலிருந்து கொழும்போடு சேர்ந்து வழங்கலாயிற்று. ஒல்லாந்தர் காலத்துக் கறுவாச் செய்கையால் பெயர் பெற்ற கறுவாக்காட்டிலே, மரநிழல் வீதிகளும் பரந்த வளவுகளும் அப்புகழுக்கு இலக்கணமாய் அமைந்தன. பின்னர் விகாரமகாதேவிப் பூங்கா எனப் பெயர் பெற்ற விக்டோரியாப் பூங்காவுக்கு எதிரே புதிய மாநகர மண்டபம் எழுந்தது. 1928 இல் மாநகரசபை புறக்கோட்டையை விட்டு அங்கே குடிபுகுந்தது.

ஆயினும் பூங்கா நகரம் என்னும் பெயர் நகரம் முழுவதற்கும் பொருந்தவில்லை. கறுவாக்காட்டில் மரங்கள் ஓங்கி வளர்ந்தன. துறைமுகத்தை அடுத்த தோட்டங்களில் ஒரு குழாயடியிலே பல குடும்பங்கள் வரிசையில் நின்றன. கெடிஸின் போதனையில் பூங்காவைப் பற்றிய பகுதியை ஏற்பது எளிதாயிருந்தது. சந்து சந்தாக நடந்து, ஏழையின் வாசலிலே நின்று திட்டம் தீட்டவேண்டும் என்ற பகுதி நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்தது.

1946 ஆம் ஆண்டில் நகர, நாட்டு நிர்மாணக் கட்டளைச் சட்டம் வந்தது. 1948 இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நகர நிர்மாண அறிஞர் சேர் பற்றிக் அபர்குரொம்பி கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் வகுத்தார். இரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகிய இடங்களில் துணைநகரங்களை வளர்த்துத் தலைநகரின் நெருக்கத்தைக் குறைப்பது அதன் ஒரு கூறு. 1978 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. இவை யாவும் மேலிருந்து நோக்கி வகுத்த திட்டங்கள். ஒரு நாட்டுக்கு அவையும் வேண்டும். நெடுஞ்சாலை எங்கே செல்வது, ஆலை எங்கே அமைவது, வெள்ளநீர் எந்த வழியாக வடிவது என்பவற்றை ஒரு சந்தில் நின்று தீர்மானிக்க முடியாது.

சந்தில் நின்று தீர்மானிக்கவேண்டியவற்றுக்கு 1980களிலே ஒரு வழி பிறந்தது. 1984 முதல் 1989 வரை நடைபெற்ற பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் நகரப் பிரிவில், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தர்கள் கொழும்பின் தோட்டங்களுக்குள் சென்று, குடியிருப்போருடன் ஒன்றாக அமர்ந்தனர். நடைபாதை எந்த வழியாகச் செல்வது, குழாய் எங்கே வைப்பது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எவ்வளவு நிலம் என்பவற்றை அங்கே வாழ்ந்தவர்களே கலந்து பேசினர். நிலத்தை நடந்து பார்த்தனர். எல்லைக்கு முளை அடித்தனர். சாதாரண விதிப்படி ஒரு வீட்டு நிலம் 6 பேர்ச்சுக்குக் குறையலாகாது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலானோர் வெளியேறவேண்டியிருந்திருக்கும். எனவே இத்தகைய இடங்களுக்கு விதி தளர்த்தப்பட்டு, 2 பேர்ச் அளவிலும் நிலம் ஒதுக்கப்பட்டது. பாதைக்காக ஒருவர் தம் திண்ணையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கவேண்டுமாயின், அயலவர் முன்னிலையில், தம் வாயாலேயே அதற்கு இசைந்தார். கெடிஸ் தஞ்சாவூரில் தனியொருவராய் நடந்து செய்ததை, இங்கே தோட்டத்து மக்களே கூடிச் செய்தனர்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. மக்கள் வகுத்த பாதைகளிற் சில, தீயணைப்பு வண்டியோ நோயாளர் வண்டியோ நுழைய முடியாத அளவுக்கு ஒடுங்கியவை. நிலத்தின் விலை ஏற ஏற, நகரின் நடுவே தாழ்ந்த வீடுகள் நிற்பது வீண் என்ற வாதமும் வலுத்தது. 2010 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நடைமுறைக்கு வந்த நகரப் புத்துயிர்ப்புத் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. குழாய்நீரும் உறுதியான கூரையும் அவர்களுக்குக் கிடைத்தன. திண்ணையில் வைத்திருந்த சிறு கடையும், வாசலில் நின்ற வண்டியும், குரல் கொடுத்தால் வந்துநிற்கும் அயலும் மாடி ஏற முடியாதவை. அவற்றின் பெறுமதி எந்த மதிப்பீட்டுத் தாளிலும் எழுதப்படுவதில்லை. கெடிஸ் வரைபடத்தைக் கையில் ஏந்திச் சந்துகளில் நடந்தது, மேசையிலிருந்து பார்த்தால் தெரியாத இந்தப் பெறுமதிகளைக் கண்டு குறிப்பதற்காகவே.

கெடிஸ் 1932 இல் சேர் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே பிரான்சு நாட்டில் காலமானார். அவர் வீதி வேண்டாம் என்றவர் அல்லர். வீடு எதனையும் தொடலாகாது என்றவரும் அல்லர். அறுக்கவேண்டிய இடத்தை அறுக்க அவர் தயங்கவில்லை. அறுக்குமுன் அந்த உடம்பைத் தொட்டுப் பார்த்தாயா என்பதே அவர் கேட்ட கேள்வி. வீதிக் கோடு குறிக்கும் உத்தியோகத்தர் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, அக்கோடு செல்லும் வழியிலே ஒருநாட் காலை நடந்து, வாசலில் நிற்போருடன் பேசுவாராயின், கோடு இரண்டடி இப்பாலோ அப்பாலோ விலகக்கூடும். அந்த இரண்டடியில் ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை தப்பிப் பிழைக்கும். வீதியும் தன் வழியே செல்லும்.